ஏழாம் பகுதி இன்னும் காலியாக இருக்கிறது

இதெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான்!

மேடையில் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் கம்பவுண்டர் ஐயா அவர்களே, டியூட்டிக்கு நடுவில் அனுமதி வாங்கி ஓடி வந்திருக்கும் டயாலிசிஸ் பிரிவு சிஸ்டர் அவர்களே, நமக்கு நிதியுதவி தருகிற அறக்கட்டளையிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, மின்விசிறி ஓடாத இடமாகப் பார்த்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மையார் அவர்களே, நம் வேனில் வரும் பதினொரு உயிர்களே, அவர்களுடைய வீட்டாரே, முன்வரிசையில் வாய் திறக்காமல் இருக்கும் என் அக்காவே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை. ஆனாலும் சொல்கிறேன், வணக்கம்.

முன்கூட்டியே சொன்னேன் என்றேனே, அதற்குச் சாட்சி இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் அறக்கட்டளையின் முதல் விண்ணப்பப் படிவம் தபாலில் வந்தது. முப்பத்திரண்டு பக்கம். அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, தேநீர்க் கடையில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன்: "இந்த ஃபாரம் ஒரு ஆளத் தின்னாம போகாது." சொன்னேனா, இல்லையா? கடைக்காரர் அதோ பின்னால் நிற்கிறார், அவரையே கேளுங்கள். அவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுகிறார். ஆமாம் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

சொன்னது பலித்துவிட்டது. இப்படிப் பலிப்பதற்கு என் வாயில் அன்றைக்கே யாராவது மண்ணை அள்ளிப் போட்டிருக்கக் கூடாதா?

போனது நம் மன்றத்தின் செயலாளர். என் அக்காவின் ஒரே மகள். நாற்பத்து மூன்று வயது. உங்களுக்கெல்லாம் அவள் "ஃபாரம் அக்கா". எனக்கு மட்டும் இன்னும் "பாப்பா". அவள் எழுதப் படிக்கக் கற்றதே என்னிடம்தான். நானோ எட்டாம் வகுப்போடு நின்றவன். நிற்காமல் படித்திருந்தால் டாக்டராகியிருப்பான் என்று என் வாத்தியாரே சொல்லியிருக்கிறார். அவர் இப்போது உயிரோடு இல்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

பாப்பா பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். சேர்க்கைப் படிவம், மாற்றுச் சான்றிதழ், அதுதான் அவள் உலகம். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிற வழியில், பேருந்து நிறுத்தத்தில் நம் சலூன்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"என்னண்ணா, இன்னைக்கு உங்களுக்கு ஆஸ்பத்திரி நாளாச்சே?"

"ரெண்டாவது பஸ் வரலம்மா. போய்ச் சேர்றதுக்குள்ள மிஷின வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

"அப்ப வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

"போனா, ஏன் சீக்கிரம் வந்துட்டேன்னு வீட்டுக்காரி கேப்பா. பதில் சொல்லணும். அதான் இங்கயே நேரத்தப் போக்கிட்டிருக்கேன்."

சிறுநீரகம் கைவிட்டவருக்கு வாரம் மூன்று முறை, நம்மவர்களுக்குச் செவ்வாய், வியாழன், சனி, மிஷினில் ரத்தம் சுத்தமாக வேண்டும். காலை ஆறரை மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். தாமதமானால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். சிஸ்டர் மேல் குற்றமில்லை. வாசலில் காத்திருக்கிற அடுத்தவரும் மனிதர்தானே! நம் பகுதியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மூன்று பேருந்து மாற வேண்டும். முதல் பேருந்து கிளம்புவதே ஐந்தேகாலுக்கு. அன்றைக்குச் சலூன்காரருக்குத் தவறியது மூன்றாவது முறை. ஞாயிற்றுக்கிழமை மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தார்.

மிஷின் இருந்தது! மருந்து இருந்தது! சிஸ்டர் இருந்தார்! ஒரு பேருந்து வரவில்லை என்பதற்காக ஒரு மனிதன் சாவானா? செத்தான்! இதை எந்தச் சுவரில் முட்டிக்கொண்டு சொல்வது? நாமெல்லாம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போனோம். அவள் ஒருத்தி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த மாதிரி மன்றங்களுக்கு உதவுகிற அறக்கட்டளை எங்கே இருக்கிறது என்று தேடினாள். அப்படித்தான் நம் மன்றமே பிறந்தது. அப்படித்தான் வேன் வந்தது. அந்த வேனுக்கு என்னைவிட்டால் ஓட்டுநர் கிடையாது என்று நான் தீர்மானித்தேன்.

நம் அலுவலகத்தைப் பற்றி அம்மையாருக்குச் சொல்ல வேண்டும். சாவி செய்கிற கடைக்கு மேலே ஓர் அறை. பதினாறு இரும்புப் படி. வேனில் வருகிறவர்களால் அதில் நாலு படிகூட ஏற முடியாது. அதனால் அவள் படிவத்தைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வருவாள். நிறுத்திய வேனின் பானெட்டில் வைத்து எழுதுவாள். இன்ஜின் சூட்டில் காகிதம் வெதுவெதுவென்று இருக்கும். "வேன் வர்றதுக்கு முன்னாடி எப்பிடிப் போனீங்க, நிமிஷம் தப்பாம சொல்லுங்க. எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க? எந்த பஸ்ல நின்னுக்கிட்டே போனீங்க? எங்க உக்காந்தீங்க?" ஒருவரிடம் இத்தனை கேள்வியா? போலீஸ்காரன்கூடக் கேட்க மாட்டான்!

முதல் வருடம் நடந்த கூத்தையும் இங்கே மறைக்கப் போவதில்லை. படிவத்தில் ஏழாம் பகுதி என்று ஒன்று உண்டு. இந்த உதவி யாருக்கு வேண்டுமோ அவர்களே தங்கள் சொந்த வார்த்தையில் கடிதம் எழுத வேண்டும். பத்துப் பேராவது எழுத வேண்டும். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? "எங்களுக்கு எழுதத் தெரியாது, நீங்களே நல்லதா ஒண்ணு சொல்லுங்கண்ணே" என்று என்னிடம் வந்தார்கள். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே இல்லை. சொன்னேன். ஒரே கடிதம். பதினொரு பேரும் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். "என் அருமை மகன் என்னைத் தோளில் சுமந்து பன்னிரண்டு மைல் நடந்தான்" என்று அதில் ஒரு வரி. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

அம்மையார் நேரில் விசாரிக்க வந்தார். இதே அம்மையார்தான், அவருக்கு நினைவிருக்கும். முதலில் அகப்பட்டது நம் தையல்காரம்மா.

"உங்களைத் தூக்கிட்டு நடந்த பையன் எங்கம்மா?"

தையல்காரம்மாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

"வெளியூர்ல இருக்கான் மேடம்."

"என்ன வேலை செய்றார்?"

"தூக்குற வேலதான்."

சிரியுங்கள், சிரியுங்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பாப்பா முகம் வெளுத்துப்போய் முன்னால் வந்தாள். "மேடம், இது எதுவும் இவங்க எழுதினது இல்ல. எங்க மாமா சொல்லச் சொல்ல எழுதினது. எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடுங்க. ரெண்டு நாள் மட்டும் டைம் குடுங்க." கொடுத்தார் அம்மையார். அந்த இரண்டு நாளும் பாப்பா ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, அவர்கள் வாயிலிருந்து வந்ததை மட்டும் எழுத வைத்தாள். தையல்காரம்மாவின் கடிதத்தில் மொத்தம் ஒரே வரி: "பஸ்ஸில் மயங்கி விழுந்துவிடாமல் இருக்க, முந்தானையால் என்னைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொள்வேன்."

நான் எத்தனையோ கதை சொன்னவன். ஆயிரம் வருடம் யோசித்தாலும் இந்த ஒரு வரி எனக்கு வந்திருக்குமா? அம்மையார் அதைப் படித்தார். அதற்கு மேல் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வேன் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பாப்பா என் எழுத்துத் திறமையைப் பெரிய காரியங்களுக்காகச் சேமித்து வைத்தாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று வருடம்! வேன் வந்த நாளிலிருந்து நம் பதினொரு பேரில் ஒருவருக்காவது படுக்கை தவறியதுண்டா? சிஸ்டர் இங்கே இருக்கிறார், சொல்லட்டும். ஒரே ஒரு முறை, மழையில். அதுவும் பாலம் மூழ்கிய அன்று. நான் வேனைத் தலையில் தூக்கிக்கொண்டு போயிருப்பேன், இவர்கள்தான் வேண்டாம் என்றார்கள்.

அந்த மூன்று வருட உதவி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புது விண்ணப்பம் நாளை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஐந்து ஒன்றுக்குப் போனால் வாங்க மாட்டார்கள். இதற்காக அவள் ஒன்றரை மாதம் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து உட்கார்ந்தாள். விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்தாள். ஆறு பகுதி முடித்துவிட்டாள். ஆறாம் பகுதியில் ஒரு கேள்வி: இந்த உதவி கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? எழுதுவதற்குப் பத்து வரி இடம் விட்டிருக்கிறார்கள். அவள் எழுதியது ஒரே வரி: "அப்போதும் செவ்வாய்க்கிழமை வரும்."

"என்ன பாப்பா, பத்து வரி குடுத்திருக்காங்க. நாலு கண்ணீர் விட வேண்டாமா?" என்றேன்.

"படிக்கிறவங்க விடட்டும் மாமா" என்றாள்.

அந்த ஒன்றரை மாதத்தில் கடைசி மூன்று வாரமாக அவளுக்குத் தாடை இழுத்தது. இடது தோள் கனத்தது. "தாடை இழுக்குது மாமா" என்று என்னிடம்தான் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இத்தனை பெரிய அறிவாளி என்ன சொன்னேன்? "அந்த ஃபாரத்தப் பாத்துப் பல்லக் கடிச்சுக்கிட்டே இருந்தா தாடை வலிக்காம என்ன செய்யும்?" அவளும் சிரித்தாள். "விண்ணப்பம் போகட்டும். அப்புறம் காட்டிக்கிறேன்."

அவள் கைப்பையைப் பிறகு திறந்து பார்த்தோம். இதய டாக்டரைப் பார்க்க வாங்கிய சீட்டு ஒன்று இருந்தது. தேதியை இரண்டு முறை அடித்துத் திருத்தியிருந்தாள். வாரம் மூன்று முறை அந்த ஆஸ்பத்திரி வாசல் வரை போனவள்! பதினொரு பேரைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே அனுப்பியவள்! அதே வாசலில் தனக்காக ஒரு முறை இறங்கக் கூடாதா? நானாவது இறங்கு என்று சொல்லியிருக்கக் கூடாதா? வண்டி என்னுடையது. நிறுத்துகிற பிரேக் என் காலடியில் இருந்தது.

போன புதன்கிழமை காலை பதினொரு மணி. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, ஏழாம் பகுதிக்கான வெள்ளைத் தாள்களை எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போகலாம் என்று இறங்கி வந்தாள். ஒன்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். தாள்கள் பறந்து சாவிக் கடைக்குள் விழுந்தன. கடைக்காரர் போட்ட சத்தத்தில் நான் ஓடி வந்தேன். தூக்கி வேனில் போட்டேன். எப்போதும் உங்களில் ஒருவர் சாய்ந்து வருகிற அந்த நீள இருக்கையில் கிடத்தினேன். நூற்றிருபதில் ஓட்டினேன்! சரி, எண்பது. சரி, விடுங்கள். அறுபதைத் தாண்டினால் நம் வேனில் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அறுபதில்தான் ஓட்டினேன். அதுதான் என்னைக் கொல்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி நம் வண்டியைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார். "என்னண்ணே, புதன்கிழமை நம்ம வண்டி வராதே? யாரு இன்னைக்கு? ஃபாரம் அக்காவ இறங்கச் சொல்லுங்க, ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும்."

நான் பேச்சுக்குப் பஞ்சமில்லாதவன். அன்றைக்குக் கையை மட்டும் பின்பக்கம் காட்டினேன். அவரே பக்கவாட்டுக் கதவைத் திறந்து பார்த்தார்.

ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் அவள் என் கையைப் பிடித்தாள். மூச்சுக்கு மூச்சு நின்று நின்று பேசினாள். அதை இந்தச் சபையில், அம்மையார் முன்னிலையில், நான் பதிவு செய்கிறேன். "மாமா, ஏழாவது பகுதிய நீங்களே எழுதிடுங்க. உங்களால மட்டும்தான் முடியும்." அவ்வளவுதான். உள்ளே கொண்டுபோனார்கள். அரை மணி நேரம் கழித்து சிஸ்டர்தான் வெளியே வந்து என் தோளைத் தொட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. வீட்டில் அவளைக் கிடத்தியிருக்கிறோம். விடியவில்லை. என் அக்கா, பெற்ற தாய், என்னிடம் வந்து சொன்னார்: "நேரமாச்சு. வண்டிய எடு."

"அக்கா, பாப்பாவ இப்பிடிப் போட்டுட்டு எப்பிடி..."

"அவ இனி எங்கயும் போக மாட்டா. அவங்களுக்கு மிஷின் போயிடும். கிளம்பு."

சொந்தக்காரர்கள் இன்றுவரை என்னைத் திட்டுகிறார்கள். மருமகள் உடம்பு வீட்டில் கிடக்க, இவன் சவாரி போனான் என்கிறார்கள். போனேன்! பதினொரு பேரும் வேனில் ஏறினார்கள். அவள் உட்கார்கிற முன்னிருக்கையில் யாரும் உட்காரவில்லை. நாலரை மணிக்குக் கிளம்பினோம். ஆறு இருபதுக்கு எல்லோரும் படுக்கையில் இருந்தார்கள். அக்கா, அதைச் சொல்லத்தான் அன்றைக்கு உன்னிடம் ஓடி வந்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

பெரியோர்களே! மறைந்த செயலாளரின் பணியை நாம் தொடர வேண்டாமா? தொடர்வோம்! இந்த வேன் நிற்கக் கூடாது! டீசல் இல்லாவிட்டால் தள்ளிக்கொண்டே போவேன்! உதவி நின்றுபோனால் மறுபடி அந்த மூன்று பேருந்து. மறுபடி அந்த நிறுத்தம். பதினொரு பேரில் அங்கே அடுத்து உட்காரப் போவது யார்? அதனால்தான் அவள் என்னிடம் ஒப்படைத்த பொறுப்பை நிறைவேற்றிவிட்டேன். ஏழாம் பகுதி தயார். பதினொரு பேருக்கும் பதினொரு கடிதம், இந்த முறை ஒவ்வொன்றும் வேறு வேறு. இதோ, சட்டைப் பையில் இருக்கிறது. சபை அனுமதித்தால் முதல் கடிதத்தைப் படிக்கிறேன். "இருண்டு கிடந்த என் வாழ்வென்னும் கானகத்தில், நான்கு சக்கரம் பூண்ட தெய்வமாக..."

யார் அது எழுந்து நிற்பது? தையல்காரம்மாவா? என்னம்மா, சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லை.

"அண்ணே, அதுல எனக்குப் பையன் இருக்கானா?"

இருங்கள். சிரிக்காதீர்கள். அவர் சிரிக்கவில்லை, பாருங்கள்.

இருக்கிறான், அம்மா. நாலாவது கடிதத்தில் இருக்கிறான். இந்த முறை அவனைக் கப்பலில் வேலைக்கு அனுப்பியிருக்கிறேன்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

ஐந்து நாளாக நீங்கள் ஒவ்வொருவராக என் வீட்டு வாசலுக்கு வந்தீர்கள். "நாங்க என்ன எழுதணும்ணே?" என்று கேட்டீர்கள். எல்லோரையும் "பாப்பா எங்கிட்டதான் சொல்லிட்டுப் போயிருக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று திருப்பி அனுப்பினேன். ஐந்து நாள். நாளை செவ்வாய்க்கிழமை. நீங்கள் மிஷினில் படுத்துக் களைத்துத் திரும்பும்போது மணி ஒன்றாகிவிடும். அதற்கப்புறம் உங்களில் யாருக்குக் கை தூக்க வலுவிருக்கும்? ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். இன்றைக்கு, இந்த மண்டபத்தில், இப்போது எழுதாவிட்டால் எழுதவே முடியாது. இந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான்.

அம்மையார் அவர்களே, நீங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். என் பொய்யை என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். இவர்கள் பேரில் எழுதிவிடாதீர்கள். காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

கதவுக்குப் பக்கத்து மேசையில் அந்தத் தாள்கள் இருக்கின்றன. சாவிக் கடைக்காரர் பொறுக்கி எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார். சிலதில் எண்ணெய்க் கறை இருக்கும், பரவாயில்லை. கம்பவுண்டர் ஐயா பேனா கொடுப்பார். ஊசி ஏறாத கையால் எழுதுங்கள். எழுத வராதவர்கள் சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள், அவர் எழுதுவார். ஒரு வரி போதும்.

நான் வெளியே போகிறேன். உள்ளே இருந்தால் யாராவது ஒரு வார்த்தைக்குத் தடுமாறும்போது நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். என் வாயை எனக்குத் தெரியும். முடிந்ததும் கூப்பிடுங்கள், வேனில் இருக்கிறேன்.

அக்கா, உனக்கும் நான் அப்படியேதான் சொன்னேன். "உங்களால மட்டும்தான் முடியும்" என்று அவள் சொல்லவே இல்லை. அது நான் கட்டிச் சொன்னது. கடைசி மூச்சில் பிள்ளை இந்த மாமனை நம்பவில்லை என்று வெளியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கையைப் பிடித்தது நிஜம். அவள் சொன்னது இதுதான்: "மாமா, தயவுசெஞ்சு நீங்க எழுதிடாதீங்க. அவங்கள எழுத விடுங்க."